பூங்கோதை வகுத்த ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு

என் கைபிடித்து நடை பழகிய தங்கை பூங்கோதைக்கு,

நீ மறைந்து எட்டுத் திங்கள் ஆகின்றன. திருமுல்லைவாயில் வீட்டில் நான் நலமே. உன் மேசையை நாள்தோறும் துடைக்கிறேன். மூக்குக்கண்ணாடியை மட்டும் இடம் மாற்றவில்லை.

புற்றுநோய் மருந்துக்கு மடியாமல் எஞ்சும் செல்களையே நீ வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தாய். உன் மாணவர் எவரும் கட்டுரை அனுப்புமுன், ஞாயிறன்று இங்கு வந்து எனக்குத் தமிழில் விளக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்று, உன் நூல்களைத் தானே படித்துத் தேறிய இந்த அக்காளுக்கு விளங்காவிட்டால் கட்டுரை போகாது. நீ வகுத்த விதி அது. நீயின்றி என் சொல்லுக்கு எவர் செவிகொடுப்பார் என்று கலங்கியிருந்தேன்.

இரு மாதங்களுக்கு முன் உன் கடைசி மாணவி ரேவதி, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"இன்னா பெரிம்மா, மேடம் இல்லன்னா பரிச்சையும் இல்லன்னு நெனச்சிக்கினீங்களா? காபி போடுங்க, சொல்றேன்."

மருந்திட்டும் மடியாத செல்கள், நாள்தோறும் மருந்திலேயே வளர்வதை விளக்கினாள். எல்லாம் விளங்கியது. ஒன்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்ச நாள் மருந்த நிறுத்திட்டு மறுபடி குடுத்தா, அதுங்க இன்னா ஆவும்?"

காபித் தம்ளர் பாதி வழியில் நின்றது. "அத்த நான் பாக்கவே இல்லியே பெரிம்மா!"

மறுநாள் அனுப்பவிருந்த கட்டுரையை நிறுத்திவைத்தாள். பட்டம் பெறாதவள் பேச்சால் ஒரு பெண்ணின் உழைப்பு தாமதமாகிறதே, வரம்பு மீறிவிட்டேனா?

நேற்று வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "செத்துச்சி பெரிம்மா! லீவு உட்டுட்டு மருந்து போட்டா, நெறைய செத்துச்சி!"

யார் செத்தது என்று பதறி ஓடிவந்த பக்கத்து வீட்டு அம்மாளைத் தேற்றக் காபி இன்னொரு தம்ளர் தேவைப்பட்டது.

செல்களை வளர்த்த கண்ணாடித் தட்டில் நடந்தது உடலிலும் நடக்குமா? தெரியாது என்பதையும் எழுதச் சொன்னேன். இப்போதும் மடியாத சிலவற்றைப் பற்றி நீ என்ன கேட்டிருப்பாய்?

ஆய்வகத்தில் புதிதாக இருவர் சேர்ந்திருக்கிறார்களாம். "அவுங்கள எப்போ இட்டாரட்டும்?" என்றாள் ரேவதி. நான் அழைக்கவில்லை, பூங்கோதை, அவளாகவே கேட்டாள்.

வரும் ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன். உறுதி கூறுகிறேன்: எனக்கு விளங்காத எதுவும் உன் ஆய்வகத்தை விட்டு வெளியேறாது.

விளங்கும்வரை விடாத உன் அக்காள்,
தையல்நாயகி