கருத்துத் தாளில் என் பெயர்

நானா,

உங்கள் மகள் போன கிழமை கொட்டாஞ்சேனைக்கு வந்து ஒரு புத்தகத்தைத் தந்துவிட்டுப் போனார். "வாப்பாட அலுமாரியில இருந்திச்சு அங்கிள். உங்கட பேர் இதில இரிக்கி" என்றார். மண்ணிறத் தாள் உறை. முகர்ந்து பார்த்தேன். நீங்கள் காய்ச்சும் கோதுமை மாப் பசையின் புளித்த வாசம் இன்னும் போகவில்லை.

இந்த மடலை நானே எழுதுகிறேன். நம்பமாட்டீர்கள். போன வருஷம் கோயில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன், எழுபத்திரண்டு வயதில். இப்போது பஸ்ஸில் போகும்போது கடைப் பெயர்களை எல்லாம் வாய்விட்டு வாசிக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்காருகிறார்கள். ஒரு வசனம் எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

யுத்தம் நடந்த காலத்தை நினைக்கிறேன். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் எங்கள் ஒடுங்கிய ஒழுங்கையில் ஆண்கள் எல்லோரும் வெளியே போவதை நிறுத்திவிடுவோம். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார். சோதனைச் சாவடியில் என்னை ஓரமாக நிறுத்த அந்த ஒரு சொல் போதும். ஒருகொடவத்தையில் கொள்கலன் இறக்கும் வேலைக்குப் போகாமல் ஒருமுறை மூன்று கிழமை உள்ளேயே கிடந்தேன். என் அறை, குழாயடி, உங்கள் முன்னறை. கொழும்பு எனக்கு அவ்வளவாகச் சுருங்கிவிட்டது.

ஒழுங்கைக்கே நீங்கள் நானா, மூத்த அண்ணன் மாதிரி. அந்த முன்னறையில்தான் புத்தகங்களை இரவல் கொடுத்தீர்கள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி வைப்பீர்கள். வாசித்தவர் தன் கருத்தை எழுதிப் பெயர் வைக்க வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. சோழ அரசன் ஒருவனைப் பற்றிய இந்தச் சரித்திரப் புத்தகத்துக்குத்தான் அடிபிடி. அட்டையில் புலிக்கொடி இருந்ததால் உறை போட்டு வைத்தீர்கள்.

வெளியே போக முடியாத எங்களுக்கு அதை நீங்கள் மத்தியானங்களில் உரத்து வாசித்தீர்கள். வெள்ளவத்தைக் கிளாக்கர் ஐயாவும் இருந்தார். மகளைப் பார்க்க வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் ஒழுங்கையில் அகப்பட்டவர்.

"கதை நல்லாத்தான் ஓடுது. ஆதாரம் எங்க? எந்தக் கல்வெட்டு எண்டு ஒரு இடத்திலயும் இல்லையே" என்றார்.

"கல்வெட்ட வெச்சி எழுதினா நீங்க மட்டுந்தான் வாசிப்பீங்க ஐயா. இத நாப்பது பேர் எடுத்திட்டுப் போயிருக்காங்க" என்றீர்கள்.

"ஓம், நாப்பது பேர் பிழையா விளங்கிக்கொண்டு போயிருக்கிறாங்கள்."

அதைத்தான் அவர் தாளிலும் எழுதினார். என் முறை வந்ததும் வழக்கமான பொய்யைச் சொன்னேன். "கண்ணாடி உடைஞ்சு போச்சு நானா. நீங்களே எழுதுங்கோ."

"எந்தக் கண்ணாடி மச்சான்? நான் ஒரு நாளும் காணல்லியே. சரி, செல்லுங்க."

நான் சொன்னேன். "ஆறு மாசம் கோட்டையைச் சுத்தி வளைச்சு வச்சிருந்தான் எண்டு இதில அரைப் பக்கம் இருக்கு. உள்ளுக்க அகப்பட்ட சனம் என்ன செய்தது எண்டு ஒரு வரி இல்லை. நாங்கள் மூண்டு கிழமையா உள்ளுக்க இருக்கிறம். உள்ளுக்க இருந்தவன் எழுதியிருந்தா, புத்தகம் முழுக்க அந்த ஆறு மாசம்தான்."

நீங்கள் தலை நிமிராமல் எழுதினீர்கள். என் பெயரையும் எழுதி மூடினீர்கள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பொலிஸ் வந்தது. அதிகாரி உறையைக் கிழித்தார். புலி தெரிந்தது. கடைசித் தாளில் பெயர்கள் தெரிந்தன. ஏதோ கூட்டத்தின் பெயர்ப் பட்டியல் என்று நினைத்துவிட்டார். நீங்கள் சிங்களத்தில் எவ்வளவோ விளக்கினீர்கள். அவரவர் எழுதியதை அவரவரே வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர் வரிகளின் கீழ் விரல் வைத்துச் சரிபார்த்தார். கிளாக்கர் ஐயா பயத்தில் தடுமாறி வாசித்தபோது, "ஐயா, ஒரு சொல் விட்டிட்டீங்க" என்று அவரைத் திரும்ப வாசிக்க வைத்தார்.

அடுத்தது நான். எழுதத் தெரியாதவன் பெயர் தாளில் எப்படி வந்தது என்று கேட்பார்களே. வேறு பொய் எனக்கு அகப்படவில்லை. "எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொல்ல நானா எழுதினவர்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் அதைச் சொன்னேன்.

அப்படியானால் சொன்னதைத் திரும்பச் சொல், மாறினால் இரண்டு பேரும் லொறியில், என்றார் அதிகாரி. நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஒரு சொல் விடாமல் சொன்னேன். கான்ஸ்டபிளின் விரல் தாளில் ஊர்ந்தது. 'உள்ளுக்க இருந்தவன்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றது. பிறகு போனது. நான் முடித்ததும், எல்லாம் சரி என்று அதிகாரியிடம் சிங்களத்தில், "ஹரி சேர்" என்றார். புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுப் போனார்கள்.

"இனி அந்தக் கண்ணாடியைத் தேடத் தேவையில்லை" என்றார் கிளாக்கர் ஐயா. எல்லோரும் சிரித்தோம். உங்களுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதன்பின் அந்தப் புத்தகத்துக்குப் புது உறை ஒட்டி அலுமாரியில் வைத்தீர்கள், யாருக்கும் கொடுக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே எழுதினீர்களா என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். "அதான் ஹரி எண்டு செல்லிட்டாரே" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள்.

நேற்று அந்தத் தாளை நானே வாசித்தேன். கிளாக்கர் ஐயாவின் கருத்து. அதற்குக் கீழே: 'நல்ல புத்தகம். எல்லாரும் வாசிக்கலாம்.' அதன் கீழே என் பெயர். பிறகு ஒன்றுமில்லை.

எழுத்துக்கூட்டியதில் பிழையோ என்று மருமகளிடம் காட்டினேன். "சரியாத்தான் வாசிச்சிருக்கிறீங்கள் மாமா" என்றாள். அரை நாள் உங்களோடு கோபமாக இருந்தேன். நான் சொன்னதை என் பெயரோடு தாளில் வைக்க அந்த நாட்களில் உங்களுக்குப் பயம். நாலு சொல்லோடு என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறீர்கள், நானா. என்னிடம் சொல்லாமல்.

பிறகுதான் அந்தக் கான்ஸ்டபிளின் நினைவு வந்தது. கிளாக்கர் ஐயா விட்ட ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு என் நாலு சொல் தெரியாமலா இருந்திருக்கும்? நான் பேசி முடியும் வரை அவர் விரல் வெற்றுத்தாளில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அந்த விரல் போன இடத்தில் இன்று காலை என் கருத்தை எழுதத் தொடங்கினேன். என் எழுத்துகள் பெரியவை. 'உள்ளுக்க' என்பதற்கே ஒரு வரி போய்விட்டது.