செந்தூளி என்னும் குதிரையின் பொருட்டுக் காவளூர்க் கோட்டைக்கு விடுத்த ஓலை

ஏரிகள் நிறைந்திருக்க, களஞ்சியக் கதவுகள் திறந்திருக்க, வாயிலுக்கு வந்தவர் பசியோடு திரும்பாதிருக்க.

ஆம்பல் நாட்டின் ஏழு ஏரிகளுக்கும் இரு மலைகளுக்கும் காவல் பூண்டு ஆம்பற்கோட்டையில் வீற்றிருக்கும் நிறைமதி மாதேவி, எம் உடன்பிறந்தாரும், வட எல்லையின் காவலரும், பகைவர் அஞ்சும் வாளினரும், ஒரே திங்களில் நான்கு முறை நிலமகளை மார்புறத் தழுவியவருமான காவளூர்த் தலைவர் செங்கதிர்வேளுக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டை நலமாகுக. உம் குடிகள் நலமாகுக. உம் இடுப்பும் விரைவில் நலமாகுக.

நீர் விடுத்த ஓலையும், கண்ணைத் துணியால் கட்டி எட்டு வீரர் சூழ நீர் அனுப்பிய செந்தூளி என்னும் செவலைக் குதிரையும் ஆவணித் திங்களின் முதல் வாரத்தில் எம்மிடம் வந்து சேர்ந்தன. ஓலையை அவையில் படிக்கச் செய்தோம். இது குதிரையன்று, பேய் என்றும், ஆதலால் இதனைக் கொன்றுவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். இதனைப் பேணிய குதிரைப் பணியாளர் பூதன் ஏறன், பிழை ஏறியவரிடம்தான், குதிரையிடம் இல்லை என்று எல்லைத் தலைவர் பலர் முன்னிலையில் சொல்லிவிட்டமையால் அவரைச் சிறையில் வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர். தைத் திங்களில் குறும்பொறை மன்னரோடு ஆற்று மணல்திட்டில் உடன்படிக்கை செய்துகொள்ளும் நாளில் நீர் ஊர்ந்து செல்ல, பார்ப்பவர்க்குச் சீற்றமும் ஏறியவர்க்குச் சாந்தமும் உடைய வேறொரு குதிரை வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். அத்தகைய குதிரை எம் நாட்டில் ஒன்றே உண்டு. அது மரத்தால் செய்யப்பட்டுக் கோயில் வாகன மண்டபத்தில் நிற்கிறது. திருவிழா முடிந்ததும் வேண்டுமாயின் அனுப்பி வைப்போம்.

உயிரைப் பறிக்கும் ஆணையை அவசரத்தில் எழுதலாகாது என்பது எம் வழக்கம். ஆகவே எம் குதிரை வைத்தியர் கோதை நங்கையை வரவழைத்தோம். அவர் வந்ததும் எட்டு வீரரையும் உணவுண்ணப் போகச் சொன்னார். குதிரையின் கண்கட்டை அவிழ்த்தார். பின்னர் அதற்கு முதுகைக் காட்டி முற்றத்தின் நடுவே அமர்ந்து, கயிறு திரிக்கத் தொடங்கினார். இது எவ்வகை வைத்தியம் என்று கேட்டு ஆள் அனுப்பினோம். நான் அதைப் பார்க்க வரவில்லை, அது என்னைப் பார்க்கட்டும் என்று மறுமொழி வந்தது. நண்பகல் கழிந்தபின் செந்தூளி தானே நடந்து வந்து அவர் கூந்தலை முகர்ந்தது. அதன் பிறகே அவர் திரும்பிப் பார்த்தார்.

அவர் கண்டதைச் சொல்கிறோம், மனம் நோகாமல் கேளும். வாயின் இரு ஓரமும் கடிவாள இரும்பு அறுத்துப் புண்ணாகியிருந்தது. குளம்புகள் மூன்று திங்களாகச் சீவப்படாமல் வெடித்திருந்தன. அன்பு மிகுதியால் நீர் நாள்தோறும் ஊட்டிய நெய்ச்சோறும் வெல்லமும் அதன் வயிற்றைக் கல்லாக்கியிருந்தன. முதுகிலோ, உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆழ்ந்த புண் இருந்தது. அதன் காரணம் தேடி, உடன் வந்த உம் சேணத்தை அவையின் நடுவே வைக்கச் செய்தார். வெள்ளிச் சிங்கங்கள் பதித்து நீர் பெருமையோடு செய்வித்த அதே சேணம்தான். அதில் சற்றே அமர்ந்து காட்டுமாறு எம் முதலமைச்சரை வேண்டினார். முதலமைச்சர் அமர்ந்தார், அமர்ந்ததைவிட விரைவாக எழுந்தார். ஒரு சிங்கத்தின் ஆணி மெத்தையைத் துளைத்துக் குதிரையின் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, தரையில் வைத்து அமர்ந்ததும் அது மேற்புறமும் எழும்பிவிட்டது. அவர் எழுந்த வேகத்தைக் கண்டும், அவருக்குப் பேய் பிடித்ததாக அவையில் ஒருவரும் சொல்லவில்லை.

அன்று முதல் கடிவாளத்தைக் கழற்றி, வாயை உப்புநீரால் கழுவி, முதுகுப் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் இட்டோம். நெய்ச்சோற்றை நிறுத்திப் பசும்புல்லும், தூசு தட்டிய வைக்கோலும், வேகவைத்த கொள்ளில் ஒரு பிடியும் தந்தோம். குளம்பைச் சீவினோம். காலையும் மாலையும் கையில் பிடித்து நடத்தினோம். முப்பது நாள்வரை அதன் முதுகில் எவரும் ஏறலாகாது என்று நங்கை கட்டளையிட்டார். எமக்கே கட்டளையிட்டார்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்க எண்ணினோம். ஆனால் நங்கை உம்மிடம் எப்படியும் சொல்லிவிடுவார் என்பதால் யாமே எழுதிவிடுகிறோம். எட்டாம் நாள் அவர் மூலிகை பறிக்கச் சென்றிருந்த வேளையில், புண் ஆறிவிட்டது போலும் என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டு, ஆம்பல் நாட்டு அரசி செந்தூளியின் மேல் ஏறினாள். ஏழு ஏரிகளுக்கு உரியவள் அதன்பின் விழுந்தது குதிரைகள் நீர் குடிக்கும் தொட்டியில். எழுந்தபோது எம் கை தானாகவே சுவரில் தொங்கிய சாட்டையை நோக்கிச் சென்றது. சென்ற கையை இடைவழியில் கண்டு யாமே திடுக்கிட்டோம். அது உம் கையைப் போலவே இருந்தது. செந்தூளி மூலையில் ஒடுங்கி, எம்மைப் பார்க்காமல் அந்தச் சாட்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதுவரை உம் பிழையை எண்ணிச் சிரித்துக்கொண்டிருந்த யாம் அன்று சிரிக்கவில்லை.

திரும்பி வந்த நங்கை ஈரம் சொட்ட நின்ற எம்மை வணங்கி, அரசியார் நீராடி முடிந்திருந்தால் முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்றார். சாட்டையை அவரே எடுத்துக்கொண்டுபோய் அடுப்பில் இட்டார்.

அன்றிலிருந்து நாள்தோறும் விடியலில் யாமே லாயத்திற்குச் சென்று, அதன் உடம்பைத் தேய்த்துவிட்டு, கையால் புல் ஊட்டினோம். முதல் பத்து நாளும் எம்மைக் கண்டால் காதுகளைப் பின்னே மடக்கியது. பின்னர் ஒரு காதை மட்டும் மடக்கியது. இருபத்தாறாம் நாள் தன் தலையை எம் தோளில் வைத்தது. அந்தத் தலையின் எடை எவ்வளவு என்பதை உமக்கு எழுத்தில் உணர்த்த இயலாது. வெறும் மெத்தையை முதுகில் இட்டுப் பழக்கி, பிறகு சேணம் இட்டு, இறுதியில் நங்கை ஏறியபோது யாம் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றோம். ஏழு அடி நடந்தது. உடனே அவர் இறங்கிவிட்டார். நன்றாகத்தானே நடந்தது, ஏன் இறங்கினீர் என்று கேட்டோம். இன்னும் நடக்கலாம் என்று அதுவே எண்ணும்போது நிறுத்திவிட்டால், நாளை அது நமக்காகக் காத்திருக்கும் என்றார். மறுநாள் அவ்வாறே காத்திருந்தது.

இப்போது நடக்கிறது, ஓடுகிறது, நிறுத்தினால் நிற்கிறது. ஒரு குறை மட்டும் தீரவில்லை. முரசொலி கேட்டால் உடல் முழுதும் நடுங்குகிறது. மணல்திட்டில் இருநாட்டு முரசுகளும் முழங்கும் அல்லவா? உம் வீரர் எண்மரையும் விசாரித்தோம். காவளூரில் பயிற்சி முரசு ஒலிக்கும்போதெல்லாம் ஏறன் அதன் காதருகே நின்று நடவுப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பார் என்றும், அப்போது அது அசையாது நிற்கும் என்றும், அவர் சிறைப்பட்ட நாளிலிருந்துதான் முரசுக்கு மிரளத் தொடங்கியது என்றும் அவர்களுள் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பாட்டை நங்கை பாடிப் பார்த்தார். வைத்தியத்தில் அவர் பெற்ற தேர்ச்சியை இசையில் பெறவில்லை. குதிரை மேலும் நடுங்கியது.

தம்பி, இந்த ஓர் ஏட்டை மட்டும் அரசியாக எழுதவில்லை. அப்பா மறைந்தபோது உனக்கு இருபத்தோரு வயது. உன்னைவிட இருமடங்கு வயதுள்ள தலைவர்கள் நீ எப்போது தவறுவாய் என்று பார்த்திருக்கும் கோட்டையில் உன்னை நிறுத்தினேன். நீ அஞ்சினாய் என்பதை நான் அறிவேன். அந்த அச்சம் தெரியாதிருக்கச் சிங்கங்கள் பதித்த சேணத்தில் ஏறினாய். கீழே இருந்ததும் அஞ்சியது, மேலே இருந்ததும் அஞ்சியது. ஒன்றற்கொன்று சொல்லிக்கொள்ள வழியில்லை. அதைச் சொன்ன ஒரே மனிதரை நீ அடைத்துவிட்டாய்.

இனி ஆணை.

இவ்வோலையை உம் கையில் தரும் கோதை நங்கை, ஆறு நாள் வழியைச் செந்தூளியின் மீதே கடந்து, சாட்டையின்றி வந்திருப்பார். குதிரைக்கு முதலில் நிழலும், உடல் வெப்பம் தணிந்தபின் நீரும், அதன்பின் உணவும் தருக. நெய்ச்சோற்றை நங்கைக்குத் தருக.

உடனே சிறைவாயிலுக்கு நீரே சென்று, உம் கையாலேயே தாழ் திறந்து, எந்தத் தலைவர்கள் முன்னிலையில் ஏறன் பேசினாரோ அவர்கள் முன்னிலையில், அவர் சொன்னது மெய் என்று உரக்கச் சொல்லுக. இடுப்பு வலியைக் காரணம் காட்டற்க. அது நாவைத் தொடுவதில்லை. தை பிறக்கும்வரை குதிரைப் பழக்கத்தில் ஏறன் சொல் எம் சொல்லாகும். அவர் ஏறுக என்றால் ஏறுக. இறங்குக என்றால் கேள்வியின்றி இறங்குக. வெள்ளிச் சிங்கங்களைக் கழற்றி உம் அரண்மனைக் கதவில் பதித்துக்கொள்க. கதவுக்கு முதுகில்லை.

மணல்திட்டில் முரசு முழங்கி அது நடுங்குமாயின், இறங்கி அதன் கழுத்தில் கைவைத்து நடந்தே செல்லுக. தலைவர்கள் சிரிப்பார்களே என்று அஞ்ச வேண்டா. குறும்பொறை மன்னருக்கு மூட்டு வலி. குதிரையேறி மூன்றாண்டுகள் ஆயின என்று எம் ஒற்றர் உரைத்தனர். நீர் நடந்து வருவதைக் கண்டால் அவர் உம்மை உள்ளூர வாழ்த்துவார்.

இங்ஙனம் ஐப்பசித் திங்கள் வளர்பிறை ஐந்தாம் நாள், அவை அறிய உரைத்து, ஓலை நாயகர் கீரன் விடங்கர் எழுத, ஆம்பல் மலர் முத்திரை இட்டோம். மாற்றுவார் இலர், மறுப்பார் இலர், இவ்வாணை நிற்க.

முத்திரைக்குக் கீழே எம் கையால் எழுதுவது: ஏறன் வெளியே வந்ததும் உம்மை மன்னித்துவிடுவார் என்று எண்ணாதீர். அதற்கும் நாள் ஆகலாம். அவரையும் அவசரப்படுத்தாதீர்.