வலது இன்ஜின்

என்னங்க,

வலது இன்ஜின் பழுது, அதனால் விடுப்பு கிடையாது என்று அவசரமாகப் போனை வைத்தீர்கள். ஆனால் படையினரை ஏற்றிப்போகும் உங்கள் விமானம், வாலில் அதே எண்ணோடு, நேற்றும் நம் மொட்டைமாடிக்கு மேலே இரண்டு விசிறியும் சுழலப் பறந்தது. வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

மனசு கேட்காமல் உங்கள் விமானத் தளத்து வாசலுக்கே வந்துவிட்டேன். காவலுக்கு நின்ற சிப்பாய், "கேப்டன் இப்ப ஓட்டுறதில்லையே மேடம். கண் பரிசோதனைக்கு அப்புறம் கிடங்குலதான் வேலை. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரியும். சாப்பாடு குடுக்க வந்தேன்" என்று சமாளித்தேன். கையில் ஒன்றுமே இல்லை.

வேறு ஒருத்தி என்றால் சண்டையாவது போட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வாருங்கள், பஸ் நிலையத்தில் நிற்பேன். இறங்கும்போது படியைப் பார்த்து இறங்குங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி