நடுவில் ஒரு மலை இருக்கிறது

ஒரு பதிவு போகும் வழியைத் தடம் பிடித்துக் காட்டுமே, நாம் பயன்படுத்தும் அந்த டிரேசிங் கருவியின் புதிய பதிப்பு வந்து பத்து நாளாகிறது. அதன் அறிவிப்பை இன்று காலையும் திறந்து பார்த்தேன். தினம் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். கடைசியில் நன்றி சொல்லும் பட்டியல் ஒன்று இருக்கிறது. எங்கெங்கோ நாடுகளில் இருப்பவர்களின் பெயர்களுக்கு நடுவே ஆங்கில எழுத்தில் 'வடக்கனந்தல்' என்று போட்டிருக்கிறார்கள். உன் சொந்தப் பெயரில் கணக்குத் தொடங்கடி என்று நான் எத்தனை தடவை சொன்னேன்! "எம் பேரு ஊருல ஆயிரம் பேருக்கு இருக்குது. இந்தப் பேரு அங்க வேற எவனுக்கு இருக்கப் போவுது?" என்று சிரித்தாய். இப்போது உலகத்தில் எந்த மூலையில் உள்ளவரும் இந்தக் கருவியை இறக்கினால் உன் ஊரும் சேர்ந்து இறங்குகிறது.

புதிதாக மூன்று வசதிகள் சொல்லியிருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலேயே அதற்குள் எட்டிப் பார்க்கலாமாம். ஆயிரம் தடங்களில் வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கருவியே பொறுக்கி எடுத்துக் காட்டுமாம். மூன்றாவதுதான் நீ கேட்டது. தாமதமாக வந்து சேரும் துண்டுத் தகவல்களையும் இனி அவற்றின் தடத்தோடு சேர்த்துக்கொள்ளும். நடுவில் உள்ள இடைவெளியைப் பிழை என்று காட்டாது, காத்திருப்பு என்று காட்டும். அந்த வரியைப் படித்துவிட்டு உன்னைக் கூப்பிட போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. பித்துப் பிடித்தவள்போல் உட்கார்ந்திருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் உரக்கடைக்கு மேல்மாடியில் நமக்கு ஓர் ஆபீஸ். யூரியா வாடையில் உட்கார்ந்து நிரல் எழுதிய ஆட்கள் நாம் இருவர்தான் இருப்போம். மலையில் கர்ப்பிணிகளைப் பார்த்துவர நர்சுகளை வைத்திருந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நாம் ஒரு செயலி செய்து கொடுத்தோம். நர்சு ஒவ்வொரு ஊராகப் போய் எடை, ரத்த அழுத்தம், சத்து மாத்திரை எல்லாவற்றையும் போனில் பதிவார். அந்தப் பதிவு போனிலிருந்து கிளம்பி நம் சர்வருக்கு வந்து சேரும் வழி முழுவதும், எங்கே எப்போது கை மாறியது என்று இந்தக் கருவி குறித்துக்கொண்டே வரும். எங்காவது சிக்கினால் சிக்கிய இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. திரையில் தெரியாதது நடக்கவே இல்லை என்று நினைக்கும் அளவுக்கு நம்பிக்கை.

வெள்ளிமலையில் தங்கி வேலை பார்த்த நர்சு செல்வி அக்காவின் பதிவுகள் மூன்று மாதமாக வரவில்லை என்று நிறுவனத்தார் நம்மிடம் கேட்டார்கள். நான் கருவியைத் திறந்து பார்த்தேன். ஒரு தடம்கூட இல்லை. 'இந்தப் போனிலிருந்து பதிவு அனுப்ப முயற்சியே நடக்கவில்லை' என்று ரிப்போர்ட் எழுதி, உன்னிடம்கூடக் காட்டாமல் அனுப்பிவிட்டேன். ஊருக்குள் போகாமலே போனதாகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறார் என்று முடிவு கட்டி, அக்காவுக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். பத்து நாளில் பதில் சொல்லாவிட்டால் வேலை இல்லை.

நீ மட்டும் நம்பவில்லை. "அந்தக்கா பொய் சொல்றவங்க இல்லடி."

"அப்போ கருவி பொய் சொல்லுதா?"

"அதான் இன்னான்னு பாக்கப் போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகப் போகும் மலை பஸ்ஸில் ஏறிவிட்டாய். நான் உன்னைக் கிண்டல் செய்துகொண்டு ஆபீஸில் இருந்தேன்.

அன்று முழுவதும் அக்காவோடு நடந்தாய். பதினோரு மணிக்கு மரவள்ளித் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீட்டில் அவர் பதிந்தார். போனில் பச்சை டிக் விழுந்தது. அக்கா அதோடு வேலை முடிந்தது என்று அடுத்த வீட்டுக்கு நடந்தார். அந்த டிக்குக்கு, போனுக்குள் சேமித்தாயிற்று என்று மட்டும்தான் அர்த்தம். சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவுக்கு அவர் வந்து சேரும்போது மாலை நாலு மணி. போன் அங்கே பதிவை அனுப்பியது. காலையில் போட்ட லாகின் காலாவதியாகிவிட்டது என்று நம் சர்வர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. திருப்பிய கதையை நமக்குச் சொல்ல வேண்டிய கருவியோ, தொடங்கி அரை மணி நேரம் தாண்டிய எந்தத் துண்டையும் வைத்துக்கொள்ளாது. தூக்கிப் போட்டுவிட்டது. அந்த வளைவில் நின்றுதான் நீ என்னைக் கூப்பிட்டாய்.

"ஏய், அரை மணி நேரம்னு இன்னாத்துக்குடி வெச்ச?"

"நான் வெக்கல. வரும்போதே அப்டித்தான் வந்துச்சு."

"மாத்திருக்கலாம் இல்ல?"

வரும்போதே அப்படித்தான் வந்தது என்றது ஊகம்தான். உண்மையில் அப்படி ஓர் அமைப்பு இருப்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

நீ ஆதாரங்களை எடுத்து வந்தாய், அக்காவின் வேலை தப்பியது. நிறுவனத்தின் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்று நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் மலை மலையா ஏறிக்கினு கெடக்கறேன். போவவே இல்லன்னு எழுதினது யாரு?" நான் குனிந்து பையில் எதையோ தேடினேன். நீ எழுந்து, "தப்பு என்னுதுதாங்கக்கா" என்றாய். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய்.

அன்றிலிருந்து நாம் மேலே போகும்போதெல்லாம் அக்கா உன்னைப் பிடித்துக்கொள்வார். "வந்துட்டியாம்மா? இன்னிக்கி யாரப் பத்தி எழுதப் போற?" என்பார். சில நாள் விளையாட்டாக, சில நாள் நிஜமாகவே மனசு கொதித்து. எனக்கு மட்டும் பலாச்சுளை எடுத்து வைத்து, "நீ சாப்புடும்மா, நீயாவது நல்ல பொண்ணு" என்பார். நான் சாப்பிடுவேன். வெட்கம் கெட்டவள். இறங்கும் பஸ்ஸில், அடுத்த தடவை கட்டாயம் சொல்லிவிடுகிறேன் என்பேன். "வுடுடி. அவங்க திட்டறது எனக்கு காதுலயே ஏறல. உன்ன திட்டினா நீ மூணு நாளு மொகத்த தூக்கி வெச்சிக்கினு இருப்ப, அத யாரு பாக்கறது?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் கருவியை மாற்றும் நிரலையும் எழுதினாய். நாம் நம் சர்வரைத் திருத்தியதோடு நிறுத்தியிருக்கலாம். "வேற எங்கியாவது வேற ஒரு அக்கா இருப்பாங்க இல்ல?" என்று நீதான் கேட்டாய். ஓப்பன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், ஏற்பதும் மறுப்பதும் கருவியைப் பராமரிப்பவர்கள் இஷ்டம். ஒரு துண்டு வர அஞ்சு மணி நேரம் ஆகிறது என்றால் முதலில் உங்கள் நெட்வொர்க்கைச் சரி செய்யுங்கள் என்று அவர்களில் ஒருவர் பதில் போட்டார். நீ உன் உடைந்த ஆங்கிலத்தில், "நெட்வொர்க் சரியாகத்தான் இருக்கிறது. நடுவில் ஒரு மலை இருக்கிறது" என்று எழுதினாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. அதன்பிறகு உன் நிரலைப் பொறுமையாகப் படிக்கத் தொடங்கினார்கள். ஐந்து தடவை குறை சொல்லித் திருப்பினார்கள், ஐந்து தடவையும் திருத்தி அனுப்பினாய். ஆறாவது தடவை திரும்பி வந்தபோது உனக்குக் காய்ச்சல்.

நாலே நாள். அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. உன் நிரலில் மிச்சத்தை முகம் தெரியாத யாரோ ஒருவர் முடித்துக் கொடுத்திருக்கிறார். அவர் நன்றாக இருக்கட்டும்.

வடக்கனந்தலில் உன் வீட்டு வாசலில் செல்வி அக்கா வந்து அழுதார். நான் பக்கத்திலேயே நின்றேன். அன்றும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை புதிய பதிப்பைச் சர்வரில் ஏற்றிவிட்டு மலைக்குப் போனேன். தனியாக. அக்கா காலையில் ஒரு வீட்டில் பதிந்தார், மாலையில் இருவரும் வளைவுக்கு வந்தோம். மடியில் லேப்டாப்பை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடம் வந்தது. தொடக்கத்தில் சின்னதாக ஒரு கோடு, பிறகு அஞ்சு மணி நேரத்துக்கு வெறும் புள்ளிகள், முடிவில் இன்னொரு சின்னக் கோடு. மூன்றும் ஒரே தடமாக. நீ தாளில் வரைந்து காட்டியது அச்சு அசலாக அப்படியே இருந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "இதுக்கா அந்தப் பொண்ணு அவ்ளோ அலைஞ்சிது?" என்றார். அங்கேயே, சாலையோரக் கல்லில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டேன்.

"அந்த ரிப்போர்ட்ட எழுதினது நானுங்கக்கா. அவ இல்ல. அவளுக்குத் தெரியாமத்தான் அனுப்பினேன்."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்துப் பைக்குள் வைத்தார். அப்புறம், "இத அது உசுரோட இருக்கும்போது சொல்றதுக்கு இன்னா?" என்றார். "வந்தப்பல்லாம் திட்டினேனே. சிரிச்சிக்கினு வாங்கிக்கினு போச்சே. ஒரு வாய் தண்ணிகூட நான் மொகம் பாத்து குடுத்ததில்லியே. இப்போ நான் யார்கிட்ட போயி கேக்கறது?"

சொல்லாமல் மறைத்து உனக்கு மட்டும்தான் தப்பு செய்தேன் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். அக்காவுக்கும் சேர்த்துச் செய்திருக்கிறேன்.

பஸ் வந்தது. நான் ஏறியபிறகு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். "நீ அது கூடவே இருந்தவ. எதுனா எழுதுவ, பேசுவ. நான் சொன்னேன்னு சொல்லிடு" என்றார். அதற்காகத்தான் இந்தக் கடிதத்துக்கே உட்கார்ந்தேன். 'தெரியாம திட்டிட்டேன், மனசுல வெச்சிக்காத கண்ணு.' செல்வி அக்கா சொல்லச் சொன்னது இது. சொல்லிவிட்டேன். நான் உன்னிடம் கேட்க வேண்டியதை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அடித்துவிட்டேன். அது இன்னும் என்னிடமேதான் இருக்கிறது.