பீரங்கிப் படை கண்ட ஒரே வெற்றி

31 ஆகஸ்ட் 1914, திங்கள்

பெருநாள் முடிந்து ஏழு நாள், ஒரு கிழமை. கடையில் மண்வெட்டியைவிட யுத்தப் பேச்சுத்தான் அதிகம் போகிறது. தேயிலைக் கவ்வாத்துக் கத்தி வாங்க வந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்து அழகர் கங்காணி, "ஜெர்மன்காரன் கப்பலு பதுளைக்கு வந்துருமாங்க?" என்று கேட்டார். கடலுக்கும் நமக்கும் நடுவில் எத்தனை மலை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "கொழும்புக் கடற்கரைப் பீரங்கிப் படையில இருந்தவன் நான். எங்கட பீரங்கியத் தாண்டி ஒரு கப்பல் வராது!" கங்காணி கும்பிட்டுவிட்டுப் போனார்.

இருபத்தைந்து வருடமாக இதைச் சொல்லி வருகிறேன். முழுப் பொய்யுமில்லை. அந்தப் படைக்குப் பேக்கரியிலிருந்து பாண் கூடை சுமந்தேன் – ஏழு கிழமை.

2 செப்டம்பர்

புவாத் வந்தார். மகள் ஜெனீராவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை; வாசிகசாலைக் காரியதரிசியும் அவர்தான். "மாமா, சனிக்கிழமை நீங்கதான் பேசணும்" என்று நோட்டீஸைக் காட்டினார். 'கடற்கரைப் பீரங்கிப் படையின் சரித்திரம் – சொற்பொழிவு: முன்னாள் பீரங்கி வீரர் இத்ரூஸ்.' அவருடைய வாப்பா பண்டாரவளையிலிருந்து வருகிறாராம். பேச்சையும் கேட்டு, எங்களையும் பார்த்து, அதற்குப் பிறகுதான் கலியாணத்துக்குச் சம்மதம் சொல்வாராம்.

உள்ளே வந்ததும் ஸகீனா கேட்டாள்: "என்ன சரித்திரம்? பாண்ட சரித்திரமா?"

மனைவியிடம் உண்மையைச் சொல்லி வைத்தது என் முதல் தவறு.

3 செப்டம்பர்

பேச்சு எழுத உட்கார்ந்தேன். 'பீரங்கி மிகப் பெரியது' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, 'மிக மிகப் பெரியது' என்று எழுதினேன். அத்துடன் சரக்கு தீர்ந்தது.

4 செப்டம்பர்

செத்தேன்.

புவாத் போகிற போக்கில் சொன்னார்: "வாப்பாவும் அந்தப் படையிலதான் மாமா. பதினெட்டு வருஷம் பீரங்கிக்காரர். ஒங்களக் கண்டா சந்தோஷப்படுவார்." நான் பிடித்திருந்த ஆணிப் பெட்டி கவிழ்ந்தது. குனிந்து பொறுக்கிக்கொண்டே சிரித்தேன். நல்லவேளை, முகம் தெரியவில்லை.

காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? ஸகீனா விடவில்லை. "மூணு எடத்த வேணாமெண்டு செல்லிட்டு இதுக்குத்தான் புள்ள தலையாட்டினா. நீங்க படுத்தா மாப்பிள்ளட வாப்பா ஒங்கள இங்க வந்து பார்ப்பார். போய் உள்ளதச் செல்லிடுங்க."

உள்ளதைச் சொன்னால்? பொய்யன் வீட்டில் யார் பெண் எடுப்பார்? சொல்லாவிட்டால் பிடிபட்ட பொய்யன். அதற்கு இது மேலா?  ஜெனீரா என் தொப்பியைத் தோய்த்துக் காயப் போட்டிருக்கிறாள்.

5 செப்டம்பர், சனி

முன்வரிசையில் மஹ்ரூப், புவாத்தின் வாப்பா. வெள்ளைத் தாடி, தோட்டத்துத் துரையைப் போல நிமிர்ந்த இருப்பு. நான் மெல்ல ஆரம்பித்தேன்: "நான் பீரங்கி சுட்டவனில்ல..."

அவர் காதில் கையை வைத்தார். "சத்தமாச் செல்லுங்க!" பதினெட்டு வருடம் பீரங்கி கேட்ட காதல்லவா.

இத்தனை வருடம் பொய்யை மெல்லச் சொல்லியே சமாளித்தவன், உண்மையைத் தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்று. "நான் பாண் கொண்டுபோனவன்!"

மற்றதையும் கத்தினேன். ஒரு காலையில் கோட்டையில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. நம் ஊரில் பள்ளிவாசலில் கொடி ஏறினால் கந்தூரி. கந்தூரி என்றால் சோறு. நிறம் வெள்ளைக்காரன் விருப்பமாக்கும் என்று நினைத்து, எனாமல் தட்டோடு போய்ச் சுவரடியில் முதல் ஆளாகக் குந்தினேன். பீரங்கிப் பயிற்சிக்கு எச்சரிக்கைக் கொடி அது என்று யார் கண்டது? தலைக்கு மேலே வெடித்தது. பாண் ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம், நான் பதுளைப் பக்கம்.

சபை சிரித்தது. மஹ்ரூப் சிரிக்கவில்லை. எழுந்தார்.

"தட்டு நீல ஓரம் வெச்சதா?"

"ஓம்."

"அடே, அந்த ஆளா நீங்க!" சபையைப் பார்த்துத் திரும்பினார். "கேளுங்க, சரித்திரத்த நான் செல்றன். பதினெட்டு வருஷத்தில ஒரு எதிரிக் கப்பல் வரல்ல. மரப் பலகைய மிதக்க உட்டுச் சுட்டோம், அதிலயும் பாதி படல்ல. எங்கட பீரங்கிக்குப் பயந்து ஓடின ஒரே ஆள் இவர்தான்!"

புவாத்துக்குக்கூடச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் மஹ்ரூப் கலியாணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கை கொடுத்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

6 செப்டம்பர்

செய்தி இல்லை.  ஜெனீரா தேத்தண்ணீரில் சீனி போட மறந்தாள். குடித்தேன்.

9 செப்டம்பர்

பண்டாரவளையிலிருந்து ஆள் வந்தது. ஒரு தட்டு நிறைய மஸ்கத் அல்வா. நீல ஓரம், ஒரு பக்கம் எனாமல் பெயர்ந்திருக்கிறது. என்னுடையதேதான்! படைக்கு வேறு கொள்ளைப் பொருள் கிடைக்காததால் சுவரில் மாட்டி வைத்திருந்தார்களாம். மஹ்ரூப் ஓய்வு பெற்றபோது அவரிடம் கொடுத்தார்களாம். கூட ஒரு கடிதம்:

'தட்டு உங்கள் சொத்து. அதிலிருப்பது மருமகளுக்கு.'

ஜெனீராவிடம் கொடுத்தேன். உள்ளே ஓடிவிட்டாள். ஓட்டத்தில் என்னைப் போல.

11 அக்டோபர், ஞாயிறு

கலியாணம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி முன்னதாகவே வந்து என் பக்கத்தில் நின்றார். மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது பட்டாசு கொளுத்தினார்கள். நான் அசையவில்லை. ஸகீனா அதைப் பெண்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறாள்.

சம்பந்தி என் கோட்டு வாலைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்ததை அவள் காணவில்லை.