ஆறாவது லைனுக்குச் சிவப்பு விளக்கு

அன்பு மாமு துலுக்காணம்,

நீ போன பிறகும் ஞாயிறு தவறாமல் எண்ணூரில் ரயிலேறித் திருவொற்றியூரில் இறங்கி உன் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கதவைத் திறக்க நீ வராத வீட்டுக்குள் நுழைவது இன்னும் பழகவில்லை.

உன் பொம்மை ரயில் அப்படியே இருக்கிறது. முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் அந்தப் பலகையை உன் மகள்கூட நகர்த்தவில்லை. துறைமுக யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன், வீட்டிலும் ஒரு யார்டு வைத்தாய். சுற்றி வர ஒரு பெரிய லைன், வண்டிகளை ஓரங்கட்ட ஆறு சைடிங். ஒவ்வொரு சைடிங்குக்கும் ஒரு ஸ்விட்ச், ஒரு சின்ன விளக்கு. ஸ்விட்சை அணைத்தால் அந்த லைனுக்கு மட்டும் கரண்ட் போகாது, அங்கே நிறுத்திய இன்ஜின் அசையாமல் நிற்கும். தண்டவாளம் உன் பொறுப்பு, ஒயரிங் என் பொறுப்பு. வீடு வீடாக ஒயரிங் பார்த்தே வயதானவனுக்கு இது என்ன பெரிய வேலை?

வேலை பெரிதில்லை, நீதான் பெரிய தொல்லை. என் வழக்கப்படி, கரண்ட் இருந்தால் சிவப்பு எரிகிற மாதிரி முதல் இரண்டு லைனை முடித்தேன். பார்த்ததும் குதித்தாய்.

"இன்னா மாமு பண்ணி வச்சிக்கீற? செவப்பு எரிஞ்சா வண்டி நிக்கணும்."

"வூட்டு போர்டுல செவப்பு எரிஞ்சா இன்னா அர்த்தம்? கரண்ட்டு கீதுன்னு அர்த்தம்."

"இது வூடு இல்ல, யார்டு."

அடுத்த மூன்று லைனையும் உன் பிடிவாதத்துக்காக உன் வழியில் போட்டேன். அணைத்தால் சிவப்பு எரியும், வண்டி நிற்கும். ஆனால் முதல் இரண்டைப் பிரிக்கமாட்டேன் என்று நானும் முரண்டு பிடித்தேன். ஆறாவது யார் வழியில் என்று சண்டை ஓடிக்கொண்டிருந்த வாரத்தில்தான் உனக்கு நெஞ்சு வலித்தது.

உன் காரியம் முடிந்த பிறகு அந்த ஆறாவது லைன் முன்னால் உட்கார்ந்தேன். அரை மணி வேலை. முடிக்கவே இல்லை. ஒரு வாரம் ஒயர் பற்றவைக்கிற ஈயம் தீர்ந்துவிட்டது என்றேன், இன்னொரு வாரம் பல்பு சரியில்லை என்றேன். உன் மனைவி சரோஜா டீயைக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுவாள்.

வேலை இருக்கிறவரைதான் ஒரு எலக்ட்ரீஷியன் ஒரு வீட்டுக்குப் போய் வரலாம். தோஸ்து இல்லாத வீட்டில், வாராவாரம் வந்து உட்கார நான் யார்? தெரு சும்மா இருக்குமா? கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாதவனுக்கு உன் வீட்டு ஞாயிறு ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விட்டால் எண்ணூர் அறையில் ஃபேன் சத்தம்தான் துணை. பயமாக இருந்தது மாமு.

போன ஞாயிறு சரோஜா கேட்டேவிட்டாள். "இன்னாண்ணா, ஒரு லைட்டு எரிய இத்தினி நாளா?"

வெட்கமாகிவிட்டது. ஒயரை எடுத்து முடுக்கினேன். என் வழியில் போட்டிருக்கலாம், தடுக்க ஆளில்லை. கை வரவில்லை. உன் வழியிலேயே போட்டேன். இன்ஜினை உள்ளே ஓட்டி ஸ்விட்சை அணைத்தேன். சிவப்பு எரிந்தது, வண்டி நின்றது. இனி இந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை.

கடைசியாக ஒரு சாக்குத் தேடினேன். "ரெண்டு லைன் ஒரு மாதிரி, நாலு லைன் வேற மாதிரி கீது சரோஜா. மொத்தமா பிரிச்சி ஒரே மாதிரி போட்டுடவா? அப்பதான் யாரு வோணா ஓட்டலாம்."

"வாணாம்ணா. நீங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுப் போட்டது, அப்டியே கெடக்கட்டும்."

"அப்ப என்னைத் தவிர யாரும் ஓட்ட முடியாதே."

"நீயே வந்து ஓட்டு. கூடப் பொறந்தவன் தங்கச்சி வூட்டுக்கு வர்றதுக்கு வேல இருக்கணுமா இன்னா?"

சொல்லிவிட்டுக் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பலகை முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு தனியாக வண்டியை ஓட்டினேன். சுற்றிச் சுற்றி வந்தது. எங்கே நிறுத்துவது என்று சொல்ல யாருமில்லை. அந்தக் கடைசிச் சண்டையையாவது முடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

என்னால் ரயிலேற முடிகிறவரை ஞாயிறுதோறும் வருவேன் மாமு. உன் நாலு லைனை உன் சட்டப்படி ஓட்டுவேன், சிவப்பு எரிந்தால் வண்டி நிற்கும். நீ ஜெயித்துவிட்டாய். எதிரில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்யத்தான் நீ இல்லை.

சரோஜாவுக்கு அண்ணன், அந்த உறவில் உனக்கு மச்சான்,
ஏழுமலை