கடைசிச் சொல் இல்லாத கும்மி

கறம்பக்குடி,
வெகுதானிய வருஷம், ஆவணி மாதம்.

கொழும்பில் இருக்கும் மகள் சௌபாக்கியவதி பிரகதாம்பாளுக்கு ஆத்தா சொர்ணவல்லி எழுதிக்கொண்டது. அம்மன் புண்ணியத்தில் நான், உங்கப்பா, உன் அத்தை கண்ணாத்தாள் எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளை ஆத்மநாதனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருப்பதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் பேனா ஓடாது.

நீ எழுதியனுப்பிய கும்மிப் பாட்டு வந்தது. உங்கப்பா வாசலில் நின்றபடியே உரக்கப் படித்தார்.

கூரையில் ஏறிய பூசணி காய்த்தது
கொள்ளை அழகென்று சொல்லுங்கடி – அந்தப்
பாரம் சுமக்கிற கீற்றையும் ஓர்நாள்
பக்கத்தில் வந்துநின்று –

அவ்வளவுதான். 'கேளுங்கடி' என்று முடியவேண்டுமே, தபாலில் நனைந்து அழிந்துவிட்டதோ என்று காகிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தார். அடுத்த கண்ணியும் அப்படியே, குடம் நிறைந்ததென்று ஊர் மகிழ்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று வரவேண்டிய இடத்தில் பாட்டு நின்றுவிடுகிறது. நீ வேண்டுமென்றே விட்டிருக்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வருகிறது, நான் கெட்டவளா ஆத்தா என்று கீழே கேட்டிருந்தாயே, அதைப் படித்ததும் அப்பா காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அத்தைக்கோ கோபம். வேண்டிப் பெற்ற பிள்ளையைப் பாரமென்று பாடலாமா, அடுப்பில் போடு என்றாள். நான் போடவில்லை.

போன வெள்ளிக்கிழமை மேலத்தெரு மருதாயி தன் மருமகள் அழகிக்கு வளைகாப்புப் போட்டாள். கும்மியில் ஆளுக்கொரு பாட்டு எடுத்தார்கள், என் முறை வந்தபோது உன் பாட்டுத்தான் வாயில் வந்தது. கடைசிச் சொல்லுக்கு நான் நிறுத்த, கைத்தட்டல் மட்டும் விழுந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், எனக்கு வேர்த்துவிட்டது. பார்த்தால், கை நிறைய வளையலோடு அழகி அழுகிறாள். மருதாயி எப்பேர்ப்பட்ட கறார்க்காரி என்று உனக்குத் தெரியும். அவள் போய் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏத்தா, ஒனக்கு எப்படி இருக்கு? எங்கிட்டச் சொல்லு" என்றாள். அதுவரை அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லை. பிள்ளை வேணும்னும் இருக்கு, எங்கிட்டாவது ஓடிரலாம்னும் இருக்கு என்றாள் அழகி. பிறகு ஆளாளுக்குத் தங்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நம் அத்தையும்தான். தலைப்பிள்ளை வயிற்றில் இருக்கையில் வைக்கோல் போரில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாளாம், மாமியார் கீழே நின்று கெஞ்சினாளாம். அழகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாட்டை மறுபடி எடு என்று அத்தையே சொன்னாள்.

நீ கெட்டவள் இல்லையடி. உன்னைச் சுமந்தபோது எனக்கும் இரண்டும் இருந்தது, பாடத்தான் தெரியவில்லை. அத்தை போய் என்ன சொன்னாளோ, சாப்பிடும்போது அப்பா, "டாக்டர் கப்பலேறக் கூடாதுன்னுட்டா நம்ம பொண்ணு எப்படி வரும், நாமதான் போகணும்" என்றார். ஆவணி முடிவதற்குள் போட் மெயிலில் வருகிறோம், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச்சொல். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்காதே, பசித்தால் நேரம் பார்க்காமல் சாப்பிடு, மனதில் வருவதை எழுது, முடித்தாலும் சரி முடிக்காவிட்டாலும் சரி. திருச்சியைத் தாண்டாத உங்கப்பா தனுஷ்கோடிக் கடலை நினைத்து நடுங்குகிறார், பெட்டியை மட்டும் இப்போதே கட்டிவைத்துவிட்டார்.

தீர்க்க சுமங்கலியாய் மக்களைப் பெற்று மகிழ்ந்திரு. காய்ச்சிய தண்ணீரே குடி, மறக்காதே.

இப்படிக்கு,
உன் ஆத்தா
சொர்ணவல்லி